“என்ஜின் ஓடவே இல்லண்ணே” என்று சொல்லி விற்ற பிளக்-இன் ஹைபிரிட் கார்

பெங்களூரில் பழைய பிளக்-இன் ஹைபிரிட் கார் (சார்ஜ் போட்டுக் கரண்டிலும் ஓடும், பெட்ரோல் என்ஜினிலும் ஓடும் வண்டி) தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் 31 லட்சம் கொடுத்து வாங்கினேன். ஆறாவது மாதம் என்ஜின் போய்விட்டது. பிரித்துக் கட்ட 6 லட்சத்து 80 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். விற்றுக் கொடுத்த வியாபாரிக்கு இது முன்பே தெரியும். எழுத்திலேயே தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

2024 ஆடி மாதம். நாங்கள் கே.ஆர். புரத்தில் குடியிருக்கிறோம், ஆபீஸ் பெல்லந்தூரில். தினமும் போக வர முப்பது கிலோமீட்டருக்குள்தான். மாதம் ஒரு தடவை ஆத்தூருக்கு அப்பாவைப் பார்க்கப் போக வேண்டும். ஊருக்குள் கரண்டிலும் ஹைவேயில் பெட்ரோலிலும் ஓடும் வண்டி எங்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கும் ஒரு பழைய கார் வியாபாரியிடம் போனோம். நான் போனில் வீட்டுக்காரியிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, “நமக்கும் தருமபுரிப் பக்கம்தாண்ணே” என்றார். இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஆனாலும் ஊர்ப்பேச்சு காதில் விழுந்தால் மனசு இளகிவிடுகிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டார்.

வண்டி 2019 மாடல், ஐரோப்பியக் கம்பெனி. புதிதில் கிட்டத்தட்ட ஒரு கோடி. 2 லிட்டர், நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் முன் சக்கரங்களுக்கு. பின் ஆக்ஸிலில் ஒரு மின் மோட்டார். நடுவில் சுமார் 10 யூனிட் பிடிக்கும் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 40 கிலோமீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருந்தது, எனக்குக் கிடைத்தது 24, 25. மீட்டரில் 29,000 கிலோமீட்டர்.

“என்ஜின் ஓடவே இல்லண்ணே. அந்த மேடம் புள்ளைய ஸ்கூல்ல விடப் போவாங்க, கூப்பிடப் போவாங்க, அவ்ளோதான். எல்லாம் கரண்ட்லயே. ஷோரூம்லருந்து எறக்குன மாதிரி இருக்கு. ஆயில்கூட புதுசா மாத்திட்டேன்.”

இதைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன். சாதாரண பெட்ரோல் காரில் குறைவாக ஓடியது என்றால் அது நல்ல செய்தி. பிளக்-இன் ஹைபிரிட்டில் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. கரண்டில் போய்க்கொண்டிருக்கும் வண்டியில் மேம்பாலம் ஏற ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், மோட்டாரின் பலம் போதாமல் என்ஜின் கிளம்பும். அதுவரை பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்த என்ஜின், சூடாக நேரமே இல்லாமல் எடுத்த எடுப்பில் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. பாலம் இறங்கியதும் அணைந்துவிடும். ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோதான் ஓடியிருக்கும்.

குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது பெட்ரோல் கூடுதலாகப் பாயும். அதில் எரியாத கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயிலில் இறங்கும். எரியும்போது உண்டாகும் நீராவியும் அங்கேதான் போய்ச் சேரும். ஆயில் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் இரண்டிலும் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இரண்டு நிமிஷ ஓட்டத்தில் எங்கே ஆவியாகும்? நாளுக்கு நாள் சேர்ந்து ஆயில் நீர்த்துப்போகும். அளவு குறைவதற்குப் பதில் கூடும். ஆயில் குறையவில்லை என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். என் வண்டியில் ஆயில் பார்க்கும் கம்பிகூட இல்லை, திரையில் காட்டுவதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 2010 கடைசியில் அமெரிக்காவில் வந்த செவ்ரொலே வோல்ட் காரில், ஆறு வாரம் போல என்ஜின் ஓடாமல் இருந்தால் வண்டியே அதைக் கொஞ்ச நேரம் ஓடவிடும். டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு வருஷத்துக்கு மேல் பழசானால் அதையும் எரித்துத் தீர்க்கும். என்ஜினைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்த மாதிரி வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் கணக்கு “இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது” என்று இருக்கும். கிலோமீட்டர் ஏறாத வண்டியில் அந்த “ஒரு வருஷம்” யார் கண்ணிலும் படுவதில்லை.

பொங்கல் முடிந்து ஆத்தூரிலிருந்து திரும்பினோம். வண்டியில் வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகள், எழுபத்து நாலு வயது அப்பா. சேலம் தாண்டும்போதே பேட்டரி காலி. தொப்பூர் கணவாயில் ஏறும்போது முழுப் பாரமும் என்ஜின்மேல். பாதி ஏற்றத்தில் “டக டக” என்று ஒரு சத்தம். உடனே ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டி அணைத்தேன். இரவு ஒன்பது மணி. தொப்பூர் ரோடு தெரிந்தவர்களுக்கு அந்த இடம் என்ன என்று தெரியும். லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. அப்பாவைக் கைத்தாங்கலாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வண்டிக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம். இந்த வண்டிகளைச் சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்கக் கூடாது, பின்னால் இருக்கும் மோட்டார் கெட்டுப்போகும். பிளாட்பெட்தான் வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தை நான் அந்த வியாபாரிக்கு மன்னிக்கவே மாட்டேன்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பட்டறையில் இறக்கினோம். அங்கே மூத்த மெக்கானிக் வாணியம்பாடிக்காரர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயிலை இறக்கினார். கறுப்பாக, தண்ணீர் மாதிரி ஓடியது. இரண்டு விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். அத்தனை தூரம் ஓடிய பிறகும் பெட்ரோல் வாடை. என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் அடியில் களி மாதிரி கசடு, ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் பாதிக்கு மேல் அடைப்பு. “சார், இது ஆறு மாசக் கசடு இல்ல. வருஷக்கணக்கு” என்றார். ஆயில் சரியாகப் போய்ச் சேராமல், என்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகள் தேய்ந்து செம்பு தெரிந்தது.

புது ஆயில் போட்டதாகச் சொன்னாரே என்று கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்கினேன். கடைசியாக ஆயில் மாற்றியது 2021. பழைய சொந்தக்காரரின் பெயர் ஆர்.சி. மாற்றிய காகிதத்தில் இருந்தது, விசாரித்துப் போனில் பிடித்தேன். அந்த அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. விற்பதற்கு முன் கம்பெனியில் பரிசோதனை செய்திருக்கிறார். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறது, உடனே மாற்றி என்ஜினைச் சுத்தம் செய்ய வேண்டும், பேட்டரியின் திறன் 71 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “அந்த ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்துத்தான் விலையைக் குறைத்தேன், உங்களிடம் காட்டவில்லையா?” என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் எனக்கும் அனுப்பினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வியாபாரியிடம் போய் நின்றேன். “அண்ணே, பழைய வண்டின்னா அப்பிடித்தான். நான் நடுவுல இருக்குற புரோக்கர், வித்தது அந்தம்மா” என்றார். யோசித்துப் பார்த்தால் அது திட்டமிட்ட ஏற்பாடு. வண்டியைப் பெயர் மாற்றும் ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் அந்த அம்மா, வாங்குபவர் நான். இவர் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததை அங்கே தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் அதைக் கேட்கவே இல்லை. நீங்கள் முதலில் அதைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். முழு மின்சாரக் காரில் பெரிய பேட்டரி, நாலைந்து நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும். பிளக்-இன் ஹைபிரிட்டின் சின்னப் பேட்டரி தினமும் நிறைந்து தினமும் காலியாகும். கரண்டில் 25,000 கிலோமீட்டர் ஓடியது என்றால், சார்ஜுக்கு 25 கிலோமீட்டர் கணக்கில் ஆயிரம் தடவை நிறைந்து காலியாகியிருக்கிறது. மீட்டரைப் பார்த்து அதன் வயதை எடைபோட முடியாது. இந்தப் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்று பல கம்பெனிகள் கொடுக்கின்றன. அது இரண்டாவது ஆளுக்கும் செல்லுமா, சர்வீஸ் விட்டுப்போனால் ரத்தாகுமா என்று கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வியாபாரி வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

பார்க்கப் போகும்போது என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் படிந்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பேட்டரியை முழுக்கக் காலி செய்யச் சொல்லி, என்ஜினில் மட்டும் ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டுங்கள். எனக்கு அந்த வியாபாரி முழுச் சார்ஜ் போட்டு வைத்து, ரிங் ரோட்டிலேயே பத்து கிலோமீட்டர் காட்டிவிட்டு அனுப்பினார். சத்தமே இல்லை என்று மயங்கினேன். என்ஜின் ஓடினால்தானே சத்தம் வரும்.

பாய் பட்டறையிலேயே இன்னொரு ஹைபிரிட் நின்றது. தெருமுனை ஏ.சி. கடையில் கேஸ் நிரப்பியபோது சாதாரண ஏ.சி. ஆயிலை விட்டுவிட்டார்களாம். இந்த வண்டிகளில் ஏ.சி. கம்பிரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது, அதற்கு மின்சாரம் கடத்தாத பி.ஓ.இ. ஆயில்தான் போட வேண்டும். தவறான ஆயிலால் மின்காப்பு குறைந்து வண்டி கிளம்பவே மறுக்கிறது. ஹைபிரிட் வேலை தெரியாத கடையில் ஏ.சி.க்குக்கூட விடாதீர்கள்.

நான் கொடுத்தது 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். நல்லவேளையாகக் கமிஷன் 40,000 ரூபாயை அந்த வியாபாரியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பியிருந்தேன். நடுவில் நின்ற ஆள் அவர்தான் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்த அம்மா அனுப்பிய ரிப்போர்ட் இருக்கிறது, “ஆயில் மாத்தியாச்சு” என்று வியாபாரி அனுப்பிய குரல் செய்தி இருக்கிறது. இறக்கிய ஆயிலில் அரை லிட்டரைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, பாய் கையெழுத்தோடு சீல் வைத்திருக்கிறேன். வாய்தா வரும் 14ஆம் தேதி. அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.