பாலஸ்தீன எழுச்சிகளைப் படிக்க உதவும் இலவசக் காப்பகங்கள்: எதில் என்ன கிடைக்கும், எங்கே சறுக்கும்

பாலஸ்தீன எழுச்சிகளைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்குபவருக்கு மூன்றாவது புத்தகத்திலேயே குழப்பம் வந்துவிடும். 1987 டிசம்பரில் வெடித்த முதல் இன்திஃபாதா (இஸ்ரேல் ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீன எழுச்சி) தானாகப் பொங்கிய கோபமா, தொழிற்சங்கங்களும் பெண்கள் குழுக்களும் மாணவர் அமைப்புகளும் பல ஆண்டுகளாகப் போட்டுவைத்த அடித்தளத்தின் விளைச்சலா? 2000 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் இன்திஃபாதாவைப் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத் திட்டமிட்டாரா, முதல் சில நாட்களின் துப்பாக்கிச் சூடுதான் அதை ஊதிப் பெரிதாக்கியதா? ஒவ்வொரு நூலும் ஒரு பக்கம் இழுக்கும். அடிக்குறிப்பில் உள்ள ஆவணத்தை நாமே எடுத்துப் படித்தால்தான் எந்த ஆய்வாளர் எதைக் காட்டுகிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று பிடிபடும். அந்த ஆவணங்களில் கணிசமான பகுதி இன்று காசு கட்டாமலே இணையத்தில் கிடைக்கிறது. அவற்றைத் தரும் தளங்களைப் பற்றியது இந்த மதிப்பீடு. அளவுகோலாக மூன்று சங்கதிகளை எடுத்துக்கொண்டோம்: 1989இல் பெய்த் சாஹூர் ஊரின் வரி மறுப்பு, 2002இல் மேற்குக் கரையின் ஜெனின் அகதி முகாமில் இறந்தவர்களின் எண்ணிக்கை, இஸ்ரேல் தண்டனையாக வீடு இடிக்கும் வழக்கம்.

முதலில் ஐ.நா.வின் பாலஸ்தீன ஆவணத் தளமான யூனிஸ்பால். 1917 முதலான ஆவணங்கள் இதில் உண்டு. பொதுச்சபை, பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களோடு பிரிட்டிஷ் ஆட்சிக்கால அறிக்கைகளும் இருக்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1936 அரபு எழுச்சியை விசாரிக்க பிரிட்டிஷ் அரசு அமைத்த பீல் குழுவின் 1937 அறிக்கை 400 பக்கத்தைத் தாண்டும். அதை இங்கேயே படிக்கலாம். கலகத்துக்கு அடிப்படைக் காரணம் அரபு மக்களின் தேச விடுதலை வேட்கையும், யூதத் தேசிய இல்லம் அமைவதன் மீதான வெறுப்பும் அச்சமும்தான் என்று அடக்கிய அரசின் குழுவே எழுதிவைத்திருக்கிறது. இந்த ஒரு பத்திக்காகவே தளத்துக்குள் நுழையலாம்.

தளம் நல்லது, தேடல் பெட்டிதான் வழுக்கும். கிடைக்கவில்லை என்று பலர் திரும்பிப் போவதற்கு முதல் காரணம் எழுத்துக்கூட்டல். 1988 முதல் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானங்களின் தலைப்பில் 'இன்திஃபாதா' என்ற சொல் ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் 'எச்' சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. 'எச்' இல்லாமல் தேடினால் அவை கைநழுவலாம். இரண்டு வகையாகவும் தேடுங்கள். ஊர்ப்பெயர்களிலும் இதே தொல்லைதான். பெய்த் சாஹூர் 'பெய்த்' என்றும் 'பைத்' என்றும், 'சாஹூர்' ஓர் 'ஓ' சேர்த்தும் சேர்க்காமலும் வருகிறது.

இரண்டாவது காரணம் ஆவண வகை. பெய்த் சாஹூரையே எடுத்துக்கொள்வோம். பெத்லஹேமுக்கு அடுத்துள்ள, கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் சிற்றூர். பிரதிநிதித்துவம் இல்லாத ஆட்சிக்கு வரி இல்லை என்று ஊரே முடிவெடுத்தது. 1989 செப்டம்பரில் இஸ்ரேல் ராணுவம் ஊரை வளைத்து, ஆறு வாரம் போல முற்றுகையிட்டு, வீட்டுச் சாமான்களையும் பட்டறைக் கருவிகளையும் வரிப் பாக்கிக்கு ஈடாக அள்ளிச் சென்றது. யூனிஸ்பாலில் பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் இதைப் பற்றி ஒன்றும் வராது. சபை இதைக் கண்டுகொள்ளவில்லை என்று முடிவுகட்டினால் தவறு. முற்றுகையை நீக்கவும் பறித்த பொருட்களைத் திருப்பித் தரவும் சொல்லும் வரைவு 1989 நவம்பர் 7 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 14 நாடுகள் ஆதரித்தன; அமெரிக்கா வீட்டோ செய்தது. தோற்ற வரைவுக்குத் தீர்மான எண் கிடையாது. எஸ்/20945/ரெவ்.1 என்ற ஆவண எண்ணை ஆங்கில எழுத்தில் அப்படியே தட்டினால்தான் அது சிக்கும். எஸ்/பிவி என்று தொடங்கும் அதே நாளின் கூட்டப் பதிவையும் சேர்த்தெடுங்கள். எந்தத் தூதர் என்ன வாதம் வைத்தார் என்பது அதில்தான் இருக்கும். எழுச்சிக்கு உலகின் எதிர்வினையை எழுதும் ஆய்வுகள் நிறைவேறியவற்றை மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பழைய நூல்களின் அடிக்குறிப்பில் இருக்கும் யூனிஸ்பால் இணைப்புகள் பல இப்போது திறக்காது, தளம் முகவரி மாறிவிட்டது. முகவரியை விட்டுவிட்டு ஆவண எண்ணால் தேடினால் கிடைத்துவிடும். இரண்டாம் இன்திஃபாதா எப்படித் தொடங்கியது என்று விசாரித்த பன்னாட்டுக் குழுவான மிட்செல் குழுவின், 2001 ஏப்ரல் 30 தேதியிட்ட அறிக்கையையும் தவறவிடாதீர்கள். வன்முறையைத் தொடங்கப் பாலஸ்தீன ஆணையம் (பாலஸ்தீனர்களின் சுயாட்சி நிர்வாகம்) திட்டம் வைத்திருந்ததாக முடிவுசெய்ய ஆதாரமில்லை, உயிர்பறிக்கும் பலத்தோடு பதில் தர இஸ்ரேல் அரசு திட்டம் வைத்திருந்ததாக முடிவுசெய்யவும் ஆதாரமில்லை என்று அது இரண்டு பக்கமும் சொல்கிறது. இதில் ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வுகள் இரு தரப்பிலும் உண்டு. மேற்கோள் எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், எழுதியவரின் சாய்வு அங்கேயே தெரியும்.

அடுத்தது பெத்செலம். 1989இல் தொடங்கிய இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு இது. புள்ளிவிவரத்துக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான தளம் வேறில்லை. 2000 செப்டம்பர் இறுதிக்குப் பிறகு கொல்லப்பட்டதாக அது பதிவுசெய்த ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, இடம், தேதி, மோதலில் ஈடுபட்டிருந்தாரா இல்லையா, குறிவைத்துக் கொல்லப்பட்டாரா என்ற விவரங்கள் தனித்தனியாக உள்ளன. இஸ்ரேலியப் பொதுமக்களும் ராணுவத்தினரும் தனிப் பட்டியலில் வருகிறார்கள். இரு தரப்பு இறப்பையும் ஒரே கண்டிப்போடு எண்ணுவதுதான் இதன் பெரிய பலம்.

முதல் இன்திஃபாதா அட்டவணை வேறு வார்ப்பு. அங்கே ஆண்டுவாரிக் கூட்டுத்தொகைதான். 1987 டிசம்பர் 9 முதல் 1993 செப்டம்பர் 13 வரை இஸ்ரேலியப் படையினர் கொன்ற பாலஸ்தீனர் 1,087 பேர் என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் எண் இங்கிருந்து வந்ததே. இதில் சிறுவர் என்று பிரித்திருப்பது 17 வயதுக்குக் கீழானவர்களை. பிந்தைய பட்டியலில் எல்லை 18. இரண்டையும் அருகருகே வைத்து, சிறுவர் மரணம் இத்தனை சதவீதம் கூடியது என்று எழுதினால் கணக்கே தப்பு. பிந்தைய பட்டியலில் வயது தனியே இருப்பதால், 17க்குக் கீழ் என்று நீங்களே மறுபடி எண்ணிச் சமன்செய்துகொள்ளலாம். ராணுவத்துக்கு உளவு சொன்னதாகக் குற்றம் சாட்டிப் பாலஸ்தீனர்களே கொன்றவர்கள் இந்த 1,087இல் சேர மாட்டார்கள். அவர்களே பல நூறு பேர். எத்தனை என்பதில் மூலத்துக்கு மூலம் வேறுபாடு உண்டு. முதல் இன்திஃபாதா ஆயுதமில்லாத எழுச்சி என்று எழுதும் ஆய்வாளர்கள் இந்தப் பகுதியை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை வைத்தே அவர்களின் நேர்மையை எடைபோடலாம்.

ஜெனினுக்கு இரண்டு தளங்களையும் அருகருகே திறந்துவைக்க வேண்டும். 2002 ஏப்ரலில் இஸ்ரேல் ராணுவம் முகாமுக்குள் புகுந்தபோது நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகச் செய்தி பரவியது. பாதுகாப்புச் சபை 1405ஆம் தீர்மானத்தால் உண்மை அறியும் குழுவை வரவேற்றது. இஸ்ரேல் இடம் தராததால் குழு மே தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. பிறகு பொதுச்செயலர் தந்த அறிக்கை ஏ/இஎஸ்-10/186. முகாமுக்குள் கால் வைக்காமல், கிடைத்த ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்ட அறிக்கை அது என்பதை முகப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உறுதியான பாலஸ்தீன மரணம் 52, இஸ்ரேலியப் படையினர் 23 என்கிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு நேரில் விசாரித்து அதே 52க்கு வந்து, அவர்களில் குறைந்தது 22 பேர் பொதுமக்கள் என்று பிரித்துக் காட்டியது. பெத்செலம் பட்டியலில் இடத்தையும் தேதியையும் வைத்து வடிகட்டிப் பெயர்வாரியாகச் சரிபார்க்கலாம். முதலில் பரவிய எண்ணை இன்னும் எழுதும் கட்டுரைகளும், எண் குறைந்துவிட்டதால் அங்கே விசாரிக்க ஒன்றுமே இல்லை என்று எழுதும் கட்டுரைகளும் இந்தச் சோதனையில் தேறாது. அந்த 22 பேரும் பெயரும் வயதும் உள்ள மனிதர்கள்.

வீடு இடிப்புக்கும் பெத்செலம்தான். ஆனால் மூன்று அட்டவணைகள் உண்டு: தண்டனையாக இடித்தது, அனுமதியின்றிக் கட்டியதாக இடித்தது, ராணுவத் தேவை என்று சொல்லி இடித்தது. மூன்றையும் கூட்டி எழுச்சிக்கான தண்டனை என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. பிரித்துவைத்திருப்பதன் பயனைக் காட்ட ஓர் ஆய்வு போதும். ஜர்னல் ஆஃப் பாலிடிக்ஸ் இதழில் 2015இல் வந்தது, இந்தத் தரவைக் கொண்டு செய்தது. தண்டனை இடிப்புக்குப் பிறகு தற்கொலைத் தாக்குதல் உடனே குறைந்தாலும் அந்தக் குறைவு நாளாக ஆகக் கரைந்தது, தூரம் கூடக்கூடத் தேயவும் செய்தது. ராணுவத் தேவைக்கான இடிப்புக்குப் பிறகோ தாக்குதல் கூடியது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. பலன் இருந்ததா என்பதோடு இந்த ஆய்வு நிற்கிறது. குற்றம் செய்யாத தாயும் குழந்தைகளும் குடியிருக்கும் வீட்டை இடிப்பது நியாயமா என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதற்குச் சட்ட ஆவணங்களுக்குத்தான் போக வேண்டும். இடிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 119ஆம் ஒழுங்குவிதி 1945இல் பிரிட்டிஷ் அரசு போட்ட பாதுகாப்பு (அவசரநிலை) ஒழுங்குவிதிகளில் உள்ளது. அதன் வேர் 1936–39 எழுச்சியை அடக்கிய காலத்து நடைமுறைகளில் இருக்கிறது. 1936 ஜூனில் யாஃபாவின் பழைய நகர்ப் பகுதியை வெடிவைத்துத் தகர்த்ததும் அந்த வரிசையில் வருவதே.

1936க்குப் போக வேண்டுமானால் இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஜராயித் தளம் அவசியம். யாஃபாவிலிருந்து வந்த 'ஃபலஸ்தீன்', 'அத்-திஃபாஉ' போன்ற அரபு நாளேடுகள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. அரபு எழுத்தை இயந்திரம் வாசிப்பதில் பிழை நிறைய. தேடலை நம்பாமல் தேதி வாரியாகப் புரட்டுவதே மேல். ஆறு மாதப் பொதுவேலைநிறுத்தம் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தொடங்கி அக்டோபரில் முடிந்ததால் புரட்ட வேண்டிய அளவு கைக்குள் அடங்கும். இடையில் ஓர் இதழ் இல்லை என்றால் அன்று செய்தியே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1933 பத்திரிகைச் சட்டத்தின்படி அரசு ஏடுகளை நிறுத்திவைக்க முடிந்தது. அந்த இடைவெளியும் அடக்குமுறையின் பதிவுதான்.

இங்கே சொல்லையும் கவனிக்க வேண்டும். அரபு ஏடுகளிலும் நினைவுகளிலும் அது 'தவ்ரா', புரட்சி. ஹீப்ருவில் 'மெஓராஓத்', நிகழ்வுகள். பிரிட்டிஷ் கோப்புகளில் 'டிஸ்டர்பன்ஸஸ்', அமைதிக் குலைவு. பிரிட்டிஷ் காப்பகத்தின் சிஓ 733 (காலனி அலுவலகக் கோப்புகள்), டபிள்யூஓ 191 (போர் அலுவலகக் கோப்புகள்) வரிசைகளில் 'ரிவோல்ட்', அதாவது கலகம், என்று மட்டும் தேடிவிட்டு ஆவணம் இல்லை என்று சொல்வது, தவறான பெயரில் வீடு விசாரிப்பது போல.

பாலஸ்தீன ஆய்வு நிறுவனம் 1963இல் பெய்ரூட்டில் தொடங்கியது. அதன் ஆங்கிலக் காலாண்டிதழான 'ஜர்னல் ஆஃப் பாலஸ்தீன் ஸ்டடீஸ்' 1971 முதல் வருகிறது. பழைய இதழ்கள் ஆய்விதழ்களின் இணையக் காப்பகமான ஜேஸ்டோரில் உள்ளன. ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு திறந்தால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், பதிவிறக்க முடியாது. கட்டுரைகளைவிடவும் கடைசிப் பக்கங்களின் நாள்வாரிக் குறிப்பும் ஆவணப் பகுதியும்தான் பொக்கிஷம். நாள்வாரிக் குறிப்பில் செய்தி எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று சுருக்கெழுத்தும் தேதியும் இருக்கும்; அதைப் பிடித்துக்கொண்டு மூல ஏட்டுக்குப் போகலாம். இந்த நிறுவனம் பாலஸ்தீன அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நடத்தும் பால்குவெஸ்ட் கலைக்களஞ்சியம் ஆரம்பநிலை வாசகருக்கு நல்ல வாசல். சுருக்கம் அதன் பலமும் குறையும். ஆய்வாளர்களுக்கு இடையிலான சண்டை அதில் தெரியாது.

பிர்சைத்தில் உள்ள அந்த அருங்காட்சியகத்தின் எண்மக் காப்பகம் குடும்பங்களின் பெட்டிகளில் இருந்த தாள்களையும் படங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. முதல் இன்திஃபாதாவின் துண்டறிக்கைகளைப் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எழுச்சியை மறைவிலிருந்து வழிநடத்திய ஒருங்கிணைந்த தேசியத் தலைமை 1988 ஜனவரி முதல் எண் போட்டு அறிக்கை வெளியிட்டது: எந்த நாள் கடையடைப்பு, எத்தனை மணிக்குக் கடை திறக்கலாம், எந்தப் பொருளை வாங்கக் கூடாது என்பதுவரை. போலி அறிக்கைகளும் புழங்கின. வானொலியில் வாசிக்கப்பட்ட வாசகம் தெருவில் விநியோகமானதிலிருந்து மாறியதும் உண்டு. ஆகவே எண்ணை மட்டும் குறித்தால் போதாது. தேதி, கையெழுத்திட்ட அமைப்பின் பெயர், எங்கிருந்து எடுக்கப்பட்ட பிரதி என்ற மூன்றையும் குறியுங்கள்.

அரபு தெரியாதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பை நாடுவார்கள். 'ஷஹீத்' என்ற சொல்லை அது தியாகி என்று மாற்றும். பாலஸ்தீன வழக்கில் சோதனைச்சாவடியில் சுடப்பட்ட சிறுமியும் ஷஹீத் மரபில்தான் சேர்வாள், குண்டைக் கட்டிச் சென்றவரும் அப்படியே. மொழிபெயர்ப்பைப் பார்த்து இறந்தவர் எல்லாரும் ஆயுதம் ஏந்தியவர் என்று எழுதிவிட்டால் அந்தச் சிறுமிக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம் அது. அப்படிப்பட்ட பெயர் வந்தால் 2000க்குப் பிந்தையது என்றால் பெத்செலம் பட்டியலிலும், முந்தையது என்றால் அந்தக் காலாண்டிதழின் நாள்வாரிக் குறிப்பிலும் தேடிச் சரிபார்த்த பிறகே எழுத வேண்டும்.