நால்வருக்கு விட்ட வீட்டில் பதினொருவர்: உரிமையாளர் எந்த வழியில் போகலாம்?

மேடவாக்கத்தில் எங்கள் மாடி வீட்டை நான்கு இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு கழிவறை. ஐந்தாவது மாதம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடியேறியபோது வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். பதினொரு ஜோடி. "ஊரிலிருந்து தம்பிகள் வந்திருக்கிறார்கள் சார், ஒரு வாரத்தில் போய்விடுவார்கள்" என்றார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். ஒரு மாதமாகியும் யாரும் போகவில்லை. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்த கழிவுநீர் லாரியை மாதாமாதம் அழைக்க வேண்டியதாயிற்று.

தெரிந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தேன்.

பக்கத்துத் தெருப் பெரியவர் சொன்னது, "மோட்டாரை நிறுத்துங்கள், தானாகக் காலி செய்வார்கள்" என்பது. இதை யோசிக்கவே கூடாது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதைத் தடை செய்கிறது. வாடகைதாரர் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். சட்டம் கிடக்கட்டும், வேலை முடித்துக் களைத்து வருகிறவனுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கூடுதல் வாடகை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம் என்பது இரண்டாவது யோசனை. பலர் இதைத்தான் செய்கிறார்கள். முதல் இரண்டு மாதம் பணம் இனிக்கும். ஆனால் நால்வருக்கென்று கட்டிய கழிவுநீர்த் தொட்டி பணத்தைப் பார்த்துப் பெரிதாகிவிடாது. சுவரில் ஈரம் ஏறுகிறது, குழாய் அடைக்கிறது, கீழ்வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெரிந்தே பணம் வாங்கிய பிறகு, நாளை "ஆட்கள் அதிகம்" என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது.

மூன்றாவது, நோட்டீஸ் அனுப்பி வாடகை நீதிமன்றம் போவது. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டைத் திரும்பப் பெறுவதற்குச் சட்டம் அடுக்கும் காரணங்களில் வாடகை பாக்கி உண்டு, எழுத்துபூர்வ சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவது உண்டு, நோட்டீஸுக்குப் பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது உண்டு. "கூட்டம் அதிகம்" என்று தனியாக ஒன்று இல்லை. ஆகவே உள்வாடகை என்றோ, கட்டடத்துக்குச் சேதம் போன்ற தவறான பயன்பாடு என்றோதான் நிரூபிக்க வேண்டும். செருப்பு எண்ணிக்கை சாட்சியாகாது. நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் படம் எடுக்கவும் முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் ஆகியிருந்தால் இந்த வழி பலமானது. வெள்ளைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதி அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கு முதல் படியிலேயே கால் தடுக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது உட்கார்ந்து பேசுவது. ஒரு மாலை பதினொரு பேரையும் கூடத்தில் அமரச் சொல்லி, யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினேன். கூடுதலாக வந்த ஏழு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம் மாதாமாதம் பணம் கொடுத்து வந்தார்கள். பட்டவர்த்தனமான உள்வாடகை. அந்த நோட்டைப் பார்த்தபின் அவர் வாதாடவில்லை. மற்றவர்களைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திருமணமாகாதவர்களுக்கு வீடு இல்லை என்று தெருத்தெருவாகக் கதவைச் சாத்துகிறோம். திறக்கிற கதவிலும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறோம். இருபது வயதுப் பையன் பாய்க்கு மட்டும் வாடகை கொடுத்துக் கூடத்தில் படுப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஆறு பேர் தங்கலாம், மற்ற ஐவருக்கு 45 நாள் அவகாசம் என்று முடிவானது. கூடுதல் இருவருக்கான வாடகையையும் லாரிச் செலவில் பாதியையும் தங்கும் அறுவர் ஏற்றார்கள். இதுவும் கூடுதல் வாடகைதானே என்று கேட்கலாம். ஆனால் இதில் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அது இரு தரப்பின் கையெழுத்தோடு இருக்கிறது. மீறினால் நீதிமன்றத்தில் காட்ட நோட்டும் ஒப்பந்தமும் கையில் உண்டு. ஐவரில் மூவருக்கு அடுத்த தெருவில் ஒரு சிறு வீடு பார்த்துக் கொடுத்தேன். 45 நாள் 60 நாளானது, பரவாயில்லை.

புதிய ஒப்பந்தத்தில் நாங்கள் சேர்த்த வரி இது: "இவ்வீட்டில் கீழே பெயர் குறிப்பிட்ட ஆறு பேர் மட்டுமே வசிக்கலாம். விருந்தினர் ஏழு நாட்களுக்கு மேல் தங்குவதானால் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்." ஆறு பெயர்களையும் அவரவர் கையாலேயே எழுத வைத்தேன்.