திருகோணமலையில் இருந்து மூன்று நாள் வான் பயணம்: ஹபரணைக் காடா, வெருகல் கரையா?

ஐந்தாறு பேர், ஒரு வான், ஒரு சாரதி, ஒரு வழிகாட்டி, மூன்று நாள். இந்தக் கணக்கில் திருகோணமலையில் இருந்து புறப்பட இரண்டு நல்ல பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஏ6 வீதியில் கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போய் யானைக் காட்டைப் பார்ப்பது. மற்றது ஏ15 வீதியில் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோடு மட்டக்களப்பு வரை இறங்குவது. விலைப்பட்டியலை வைத்து இதில் ஒன்றைத் தெரிவுசெய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

கார்த்திகை தொடங்கித் தை மாதம் முடியும்வரை வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளிக்கும், நிலாவெளிப் படகுகள் கரையேறிவிடும். மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் வீதிக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் கரைப்பாதையை விற்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். மே, ஜூனில் கடல் அமைதியாக இருக்கும், கரைப்பாதைக்கு அதுதான் காலம். ஆகஸ்ட், செப்டெம்பரில் இரண்டும் சரிவரும்.

ஹபரணைப் பாதையின் முழுப் பெறுமதியும் குளத்தின் நீர்மட்டத்தில் இருக்கிறது. ஜூலையில் இருந்து, ஹபரணைக்குப் பக்கத்துப் பூங்காவான மின்னேரியாவின் குளம் வற்ற வற்ற, சேற்றுத்தரையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடித்தான் சுற்றுக் காடுகளில் இருந்து யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஆகஸ்ட், செப்டெம்பரில் நூற்றுக்கணக்கில் சேரும். ஜீப்பை நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டு ஒரே ஒரு யானையை மட்டும் கவனியுங்கள். புல் கட்டையானது, தும்பிக்கையால் இழுத்தால் வராது. முன்கால் நகத்தால் தரையைச் சுரண்டி, பெயர்ந்த புல்லைத் தும்பிக்கையில் சேர்த்து, காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கும். குட்டிகளுக்கு இந்த வேலை இலேசில் பிடிபடாது. பத்து இடத்துக்கு ஓடி ஓடிப் படம் எடுக்கிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

திட்டம் பிழைத்துப்போகிற இடமும் இதுதான். மொறகஹகந்த நீர்த்தேக்கத்தில் இருந்து நீர் திறந்துவிட்டால் கோடையிலும் மின்னேரியா நிறைந்துவிடும், புல்தரை தண்ணீருக்குள் போய்விடும், யானைகள் பக்கத்துக் கவுடுல்லப் பூங்காவுக்கு நகர்ந்துவிடும். செப்டெம்பர், ஒக்டோபரில் எப்படியும் கவுடுல்லப் பக்கம் ஒரு நகர்வு உண்டு. மழை தொடங்கிய பிறகு ஹுருலு காட்டுப் பக்கம் போவதே மேல். ஆகவே 'மின்னேரியா சபாரி' என்று ஒரே பெயரை எழுதி முற்பணம் வாங்குகிற பயணத்தை விட்டு, அன்று காலை ஜீப் சாரதிகளிடம் விசாரித்துப் பூங்காவை முடிவுசெய்கிற பயணத்தைத் தேடுங்கள். கவுடுல்ல, திருகோணமலை–ஹபரணை வீதியில் இருந்து திரும்பும் பக்கம். மின்னேரியா, ஹபரணை–பொலன்னறுவை வீதிப் பக்கம். கடைசி நேரத்தில் மாற்றினாலும் பெரிய அலைச்சல் இல்லை.

நேரமும் முக்கியம். ஹபரணைக்கு ஏறக்குறைய 85 கிலோமீற்றர், இரண்டு மணித்தியால ஓட்டம். மதியச் சாப்பாட்டை முடித்து இரண்டரை மணிக்கு ஜீப் ஏறினால், வெயில் சாயும்போது யானைகள் வெளியில் இருக்கும். பூங்கா ஆறு மணிக்கு மூடும். அன்றிரவே திருகோணமலைக்குத் திரும்பும் திட்டத்தை ஏற்காதீர்கள். இருட்டில் அந்த வீதியை யானைகள் கடக்கும், விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தது இதே காட்டில்தான்.

ஆள் கணக்கு இன்னொன்று. சபாரி ஜீப்பில் வசதியாக ஆறு பேர்தான் இருக்கலாம். எட்டுப் பேர் கொண்ட குழு என்றால் இரண்டு ஜீப், வழிகாட்டியோ ஒருவர். பூங்காக் கட்டணத்தில் ஆளுக்கு ஒரு தொகை, வாகனத்துக்கு ஒரு தொகை, குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதற்குமேல் அரச வரி என்று பல கணக்குகள் உண்டு. ஐந்து பயணிகளும் வழிகாட்டியும் ஒரே ஜீப்பில் போவதுதான் காசுக்கும் கண்ணுக்கும் நல்லது.

ஆனால் ஹபரணையில் உண்மையான வழிகாட்டி ஜீப் சாரதிதான். கூட வருபவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். வெருகல் பாதை அப்படியல்ல. அங்கே பெயர்ப்பலகை குறைவு, கதை அதிகம். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அந்தத் துறையைப் படகுப்பாதையில்தான் கடந்தார்கள். இந்தக் கரைவழியில் அப்படிப் பல துறைகள் இருந்தன. 1660இல் ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டது மூதூர்ப் பக்கம். வெருகலில் ஆற்றங்கரையிலேயே சித்திரவேலாயுத சுவாமி கோயில், அந்த ஆறுதான் மாவட்ட எல்லை. வாகரைப் பக்கக் கரையோர வேடர் குடிகளைப் பற்றி, அவர்களைக் காட்சிப்பொருள் ஆக்காமல் பேசத் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் வானில் இருந்தால் 130 கிலோமீற்றர் போவதே தெரியாது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு முழுதாகத் திரும்பி வருவது இந்தப் பாதையில்தான். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் தெரிவும் இதுவே.

இதற்கும் ஆயத்தம் வேண்டும். மூதூர் தாண்டினால் வாகரை வரை நல்ல சாப்பாட்டுக் கடையும் கழிப்பறையும் அரிது. எரிபொருளைக் கிண்ணியாவிலோ மூதூரிலோ நிரப்பி, மதியச் சோற்றை முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மடியில் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வெருகல் ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை உண்டு. பனிச்சங்கேணிப் பாலத்துக்கு மாலை ஐந்து மணியளவில் வந்து சேர்ந்தால் களப்பின் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் பாசிக்குடாவில் தங்கலாம்.

புறாத்தீவை இரண்டு பாதையிலும் முதல்நாள் காலையில் சேர்க்கலாம். நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர்தான், 2003இல் இருந்து தேசியப் பூங்கா. முதல் படகில் போக வேண்டும். கூட்டம் வந்தால் மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும், பிறகு கருமுனைச் சுறாவும் தெரியாது, ஆமையும் தெரியாது. அங்கே பவளம் முழங்கால் ஆழத்திலேயே இருக்கிறது. களைத்தால் கால் ஊன்றாமல் மிதக்க வேண்டும், அதற்காகவே நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டை போடுவது நல்லது.

குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே போவது ஒருநாள் வேலை. அரிசிமலைக் கடற்கரையில் குறுணி அரிசி போல் உருண்ட செம்மணலை உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கவாவது போய்வரலாம். மூன்று நாளுக்கு அது காணாது.

முற்பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: வான் ஓட்டுபவரும் வழிகாட்டியும் ஒருவரா இருவரா, வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை உண்டா, பயணப்பொதிக்காக வானின் பின் இருக்கையைக் கழற்றுவார்களா. ஓட்டுபவரே வழிகாட்டி என்றால் கரைப்பாதையை விட்டுவிட்டு ஹபரணைக்குப் போங்கள்.