வீக்கெண்ட் தன்னம்பிக்கை கேம்ப்: 5க்கு 2.5 ஸ்டார், அதுல 2 கவுன்சிலர் மேடத்துக்கு

திருச்சியில சனி ஞாயிறு நடக்குற "பெற்றோர் பிள்ளை தன்னம்பிக்கை கேம்ப்" போகலாமா வேணாமான்னு ஆபீஸ்லயும் சொந்தத்துலயும் மாத்தி மாத்தி கேக்குறாங்க, ஒரே இடத்துல எழுதிட்டா தீந்துச்சு. நடத்துறவங்க பேரு போடல, ஏன்னா இதே மாதிரி ஊருக்கு நாலு நடக்குது, பேனர்ல போட்டோ மாறும், கோட்டு சூட்டு கலர் மாறும், உள்ள சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு அம்மாவோ அப்பாவோ கூட ஒரு பிள்ளை, சேர்த்து 7,500 ரூபா, மதிய சாப்பாடும் டீயும் அதுலயே வந்துடும். பிள்ளைங்க 12லேருந்து 17 வயசுக்குள்ள இருக்கணும். நான் என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன், எட்டாவது படிக்கிறா, கிளாஸ்ல எழுந்து பேசவே மாட்டேங்குறான்னு மிஸ் சொல்லிட்டே இருந்தாங்க. நான் எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி படிச்சவ, பிராஜெக்ட்டுக்காக இந்த செல்ஃப் எஸ்டீம், அதாவது சுயமதிப்பு ஃபார்மை கட்டு கட்டா கையால கூட்டிப் போட்டவ, அதனால மத்தவங்க கை தட்டுன சில இடத்துல எனக்கு கடுப்புதான் வந்துச்சு, அதையும் மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல அந்த ஃபார்ம் கதை. காலையில உள்ள போனதும் எல்லாருக்கும் ஒரு பேப்பர், பத்து கேள்வி, "எங்க ரிசர்ச் டீம் உருவாக்கியது"ன்னு லோகோவோட. பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு, அது மோரிஸ் ரோசன்பெர்க் 1965ல வெளியிட்ட, சுயமதிப்பை அளக்குற ஸ்கேல், நியூயார்க் மாநிலத்துல ஹைஸ்கூல் பசங்க அஞ்சாயிரத்துக்கும் மேல பேர்கிட்ட கேட்டு செஞ்சது, இன்னைக்கு வரைக்கும் உலகத்துல இந்த விஷயத்துக்கு அதிகமா பயன்படுத்துறது அதுதான். சரி, பேரு போடாம எடுத்ததைக்கூட விட்டுடலாம். ஒரு கேள்விக்கு 1லேருந்து 4 வரைக்கும் மார்க், அந்த பத்துல அஞ்சு கேள்வி நேரா இருக்கும், மொத்தத்துல என் மேல எனக்கு திருப்தி இருக்குங்குற மாதிரி. மீதி அஞ்சு தலைகீழா இருக்கும், நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு சில நேரம் தோணுதுங்குற மாதிரி. இந்த அஞ்சுக்கும் மார்க்கை திருப்பிப் போட்டுத்தான் கூட்டணும், அதுதான் அந்த ஸ்கேலோட உயிரே. ட்ரெயினர் என்னடான்னா எல்லாத்தையும் அப்படியே கூட்ட சொல்லிட்டார்! அப்போ என்ன ஆகும், எந்தப் பிள்ளை "நான் லாயக்கில்லை"ன்னு முழுசா ஒத்துக்குதோ அதுக்கு நாலு மார்க் ஏறும். ஹால்ல முக்கால்வாசி பேருக்கு 24, 25, 26ன்னு நடுவுலயே வந்து நின்னுச்சு, நேர் கேள்வியில ஏறுறதை தலைகீழ் கேள்வி இறக்கிடும், நடுவுல வராம என்ன செய்யும். அதைப் பாத்துட்டு அவர் "பாத்தீங்களா, நம்ம ஊர்ல எல்லாருமே ஆவரேஜ் தன்னம்பிக்கைலதான் வாழுறோம்"ன்னு ஒரு ஸ்பீச் வேற. பிரேக்ல போய் மெதுவா சொன்னேன், "மேடம் அதெல்லாம் டெக்னிகல், ஃபீல்தான் முக்கியம்"னுட்டார்.

அடுத்து கண்ணாடி செஷன். ஆளுக்கொரு சின்ன கண்ணாடி குடுத்து, அதைப் பாத்து "நான் அன்புக்குரியவள், நான் வெற்றியாளர், என்னால முடியாதது எதுவும் இல்லை"ன்னு கத்த சொல்றாங்க, சத்தம் பத்தலன்னா மறுபடியும். மேடையில மைக் வெச்சுட்டு நின்ன ரெண்டு பசங்க ஜாலியா கத்துனாங்க, அவனுங்களுக்கு ஏற்கனவே கூச்சம் கிடையாது. என் பொண்ணு கண்ணாடியை மடியில கவுத்து வெச்சுக்கிட்டா. இதுல நான் சும்மா குறை சொல்லல, கனடாவுல வாட்டர்லூ யூனிவர்சிட்டியில ஜோஆன் வுட்னு ஒருத்தங்க 2009ல இதையே சோதிச்சுப் பாத்திருக்காங்க, "நான் அன்புக்குரிய ஆள்"னு திரும்பத் திரும்ப சொல்ல வெச்சா, ஏற்கனவே தன் மேல நல்ல எண்ணம் இருக்குறவங்களுக்கு கொஞ்சமா நல்லா இருந்துச்சு, தன்னைத் தாழ்வா நினைக்குறவங்களுக்கு முன்னைவிட மோசமா போச்சு. வாய் ஒண்ணு சொல்லும்போது மனசு உள்ள இருந்து "பொய், பொய்"னு கணக்கு எடுத்துக்கிட்டே இருக்கும் இல்லையா. அதாவது எந்தப் பிள்ளைக்காக காசு கட்டி கூட்டிட்டு வந்தோமோ அந்தப் பிள்ளைக்குத்தான் இந்த செஷன் ஆகாது.

ட்ரெயினரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், மனுஷன் நல்லா பேசுறார், தூங்க விட மாட்டார், ஜோக் எல்லாம் ஓகே. ஆனா பாதி கதையோட நிறுத்திக்குவார். ஒரு ஸ்லைடுல "அமெரிக்காவுல கவர்மெண்டே தன்னம்பிக்கைக்கு கமிஷன் போட்டுச்சு"ன்னு போட்டார், எல்லாரும் ஆமா பாருன்னு தலையாட்டுனாங்க. உண்மைதான், கலிபோர்னியாவுல ஜான் வாஸ்கான்செலோஸ்னு ஒரு சட்டசபை உறுப்பினர் விடாம நின்னு 1986ல அந்த குழுவை அமைக்க வெச்சார், வருஷம் 2,45,000 டாலர்னு மூணு வருஷத்துக்கு. பசங்களுக்கு செல்ஃப் எஸ்டீமை ஏத்திட்டா போதை, குற்றம், சின்ன வயசு கர்ப்பம், படிப்புல பின்தங்குறது எல்லாம் குறைஞ்சுடும்னு நம்பிக்கை. ஆனா அதே குழுவுக்காக யூனிவர்சிட்டி ப்ரொஃபசர்கள் எழுதி 1989ல வந்த தொகுப்புலயே, சம்பந்தம் எதிர்பார்த்ததைவிட ரொம்ப பலவீனமா இருக்குன்னு அவங்களே எழுதிட்டாங்க. அப்புறம் 2003ல ராய் பவுமைஸ்டரும் இன்னும் மூணு பேரும் அதுவரை வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் போட்டு சலிச்சுப் பாத்தா, தன் மேல நல்ல எண்ணம் இருக்குறதால மார்க் ஏறல, மார்க் ஏறுறதாலதான் கொஞ்சம் நல்ல எண்ணம் வருது, சந்தோஷமா இருக்குறதோட மட்டும் உறுதியான தொடர்பு இருக்குன்னு வந்துச்சு. இந்த ரெண்டாவது பாதி ஸ்லைடுல இல்ல, இருந்தா மதியத்துக்கு அப்புறம் விக்கிற அட்வான்ஸ்டு கோர்ஸை யாரு வாங்குவா.

இந்த விஷயத்துல எனக்குப் பிடிச்ச விளக்கம் மார்க் லியரியோடது, 1995ல எழுதுனது. நம்ம மேல நமக்கு இருக்குற மதிப்புங்குறது வண்டியில இருக்குற பெட்ரோல் முள் மாதிரி, கூட இருக்குறவங்க நம்மளை சேத்துக்குறாங்களா ஒதுக்குறாங்களான்னு காட்டுற முள். முள்ளை விரலால தள்ளி விட்டா டேங்க் ரொம்பாது. இந்த கேம்ப்ல முதல் நாள் முழுக்க நடந்தது முள்ளைத் தள்ளுற வேலைதான்.

இப்போ நல்லதை சொல்றேன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம், பசங்களை வேற ரூமுக்கு அனுப்பிட்டு, பெத்தவங்களுக்கு மட்டும் ஒரு கவுன்சிலர் மேடம் எடுத்தாங்க. மைக் இல்ல, மியூசிக் இல்ல, சேரை வட்டமா போட சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. மொத கேள்வியே, "உங்க பிள்ளை உடம்பைப் பத்தி வீட்டுல கடைசியா யாரு என்ன சொன்னாங்க?" ஹாலே கப்சிப். அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு, வெயில்ல சுத்தி கருத்துட்டேன்னு பாட்டி சொன்னது, கல்யாண வீட்டுல அத்தை "என்னடி இப்படி ஊதிட்ட"ன்னது, ஒல்லியா இருக்குற பையனை குச்சி குச்சின்னு கூப்பிடுறது. சூசன் ஹார்ட்டர்னு அமெரிக்காவுல ஒருத்தங்க பல வருஷமா பசங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணுனதுல, படிப்பு, விளையாட்டு, நண்பர்கள், நடத்தை, தோற்றம்னு பிரிச்சுக் கேட்டா, டீனேஜ்ல மொத்த சுயமதிப்போட ரொம்ப இறுக்கமா ஒட்டியிருக்குறது தோற்றம்தான்னு திரும்பத் திரும்ப வந்திருக்கு. நம்ம வீடுகள்ல அந்த ஒண்ணைத்தான் ஆளாளுக்கு வந்து கிண்டிட்டுப் போறோம், அதுவும் பாசம்னு நினைச்சுக்கிட்டு.

அடுத்து பாராட்டு பத்தி பேசுனாங்க. சனிக்கிழமை ட்ரெயினர் எங்களை எல்லாம் பிள்ளைக்கு லெட்டர் எழுத வெச்சிருந்தார், "நீதான் உலகத்துலயே ஸ்பெஷல்" ரேஞ்சுல எழுதணும்னு கண்டிஷன். மேடம் அதை நேரடியா தப்புன்னு சொல்லல பாவம், அவங்களும் அங்க சம்பளத்துக்குத்தானே வர்றாங்க, ஆனா ஹாலந்துல எடி ப்ரும்மல்மன் பண்ணுன ரெண்டு ஆராய்ச்சியை கதையா சொன்னாங்க. 2014ல வந்தது ஒண்ணு, பசங்களை வான்கோ வரைஞ்ச காட்டு ரோஜா படத்தைப் பாத்து வரைய சொல்லி, ஒரு ஓவியர் பாத்துட்டு எழுதுன மாதிரி சீட்டு குடுத்தாங்க, சிலருக்கு "அழகா இருக்கு", சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகு". அப்புறம் அடுத்து ஈஸியான படம் வேணுமா கஷ்டமான படம் வேணுமான்னு கேட்டா, தன்னம்பிக்கை கம்மியா இருக்குற பசங்க ஓவர் பாராட்டு வாங்குனதும் கஷ்டமானதை விட்டு ஒதுங்கிட்டாங்க, இனிமே ஒவ்வொரு தடவையும் அந்த லெவலுக்கு வரைஞ்சாகணுமேன்னு பயம். இன்னொண்ணு 2015ல வந்தது, 7லேருந்து 11 வயசு வரைக்கும் 565 பசங்க, அவங்க அம்மா அப்பா. என் பிள்ளை மத்த பிள்ளைங்களைவிட உசத்தின்னு நினைக்குற வீட்டுல பசங்களுக்கு தலைக்கனம்தான் ஏறுச்சு, சுயமதிப்பு ஏறல. அம்மா அப்பா நம்ம மேல அன்பா இருக்காங்கன்னு பசங்க உணர்ந்த வீட்டுலதான் அது ஏறுச்சு.

ஒரு அப்பா கேட்டார், "அப்போ கண்டிக்கவே கூடாதா மேடம், தலைக்கு மேல ஏறிக்குவாங்களே"ன்னு. அதுக்கு 1967ல வந்த ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் ஆராய்ச்சியை சொன்னாங்க, பத்து பன்னெண்டு வயசு பையன்களை வெச்சு பண்ணது, அதுல சுயமதிப்பு நல்லா இருந்த பையன்களோட வீட்டுல மூணும் இருந்துச்சாம், பிள்ளையை அப்படியே ஏத்துக்குறது, தெளிவான கட்டுப்பாடு, அந்தக் கட்டுக்குள்ள பிள்ளை பேச்சுக்கும் மரியாதை. அவிழ்த்து விட்ட வீடுகள் இல்ல. அதே மாதிரி ஒரே வீட்டுல அண்ணன் ஒரு மாதிரி தம்பி ஒரு மாதிரி ஏன்னு இன்னொரு அம்மா கேட்டாங்க, இரட்டைப் பிள்ளைங்களை வெச்சு பாத்ததுல 30லேருந்து 50 சதவீதம் வரைக்கும் பரம்பரையா வர்றதுன்னு தெரியுது, எல்லாத்துக்கும் உங்களையே திட்டிக்காதீங்கன்னாங்க. அந்தம்மா கண்ணு கலங்கிடுச்சு. இந்த ஒரு மணி நேரத்துக்கே நான் ஆயிரம் ரூபா தனியா குடுப்பேன்.

பசங்களுக்கு அந்த நேரத்துல வேற ரூம்ல நடந்ததும் நல்லா இருந்துச்சுன்னு பொண்ணு சொன்னா. தனக்கு தெரிஞ்ச ஒண்ணை பக்கத்துல இருக்குற அஞ்சு பேருக்கு சொல்லிக் குடுக்கணும், அவ்ளோதான். ஒரு பையன் மிக்ஸி ஜாரை கழட்டி மாட்டுறது காட்டுனானாம், இவ சிக்கு கோலத்துல எந்த வளைவுலேருந்து ஆரம்பிக்கணும்னு காட்டியிருக்கா, சாக்பீஸ் கேட்டு வாங்கி தரையிலயே. ரெண்டு நாள்ல அவ வாயைத் திறந்தது அங்கதான்! கத்த சொன்னா கத்த மாட்டா, கை வேலையைக் காட்ட சொன்னா தானா பேச்சு வருது. இதை ரெண்டு நாளும் பண்ணியிருக்கலாம், ஆனா அதுக்கு ஸ்டேஜும் லைட்டும் தேவைப்படாதே, அப்புறம் 7,500 எப்படி வாங்குறது.

மொபைல் செஷன் சுமார். இன்ஸ்டாகிராம்தான் எல்லாத்துக்கும் காரணம்னு ட்ரெயினர் ஒரே போடா போட்டார், பெத்தவங்களுக்கு கேக்க இனிப்பாத்தான் இருந்துச்சு. ஆனா ஹாலந்துல சோஷியல் மீடியா பத்தி 2021ல வந்த ஒரு ஆராய்ச்சி, 387 பசங்களை மூணு வாரம், ஒரு நாளைக்கு ஆறு தடவை போன்லயே கேட்டு எடுத்தது. 88 சதவீதம் பேருக்கு சுயமதிப்புல பாதிப்பே இல்ல, இல்லன்னா ரொம்ப லேசு, 4 சதவீதத்துக்கு நல்லதா இருந்துச்சு, 8 சதவீதத்துக்கு கெட்டதா. அந்த எட்டுல என் பிள்ளை இருக்காளான்னு எப்படி கண்டுபிடிக்குறது, எனக்கு வேண்டியது அதுதான். அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல.

பெரியவங்களுக்கு தனியா ஒரு மணி நேரம் வெச்சிருந்தாங்க, அதுல "ஏழு வயசுக்குள்ள எல்லாம் பதிஞ்சுடும், அப்புறம் எங்க கோர்ஸ் மாதிரி ஆழமா வேலை செஞ்சாத்தான் மாறும்"னார். சும்மா. உல்ரிச் ஆர்த்தும் கூட இருந்தவங்களும் 2018ல 331 குழுக்களோட டேட்டாவை, 1,64,868 பேரு, ஒண்ணா சேத்துப் பாத்திருக்காங்க. சுயமதிப்பு 4 வயசுலேருந்து 11 வரைக்கும் ஏறுது, 11லேருந்து 15 வரைக்கும் அப்படியே நிக்குது, அதுக்கப்புறம் 30 வரைக்கும் நல்லா ஏறுது, மெதுவா ஏறி ஏறி 60 வயசுலதான் உச்சம், எழுபதுக்கு மேலதான் லேசா இறக்கம். என் பக்கத்துல ரிட்டயர் ஆகப்போற ஒரு சார் இருந்தார், பேரனோட வந்தவர், அவர்கிட்ட இதை சொன்னேன், "அப்போ நான்தாம்மா இந்த ரூம்லயே டாப்பு, அந்த தம்பிக்கு நான் கிளாஸ் எடுக்கணும்"னு சிரிச்சார். அதே ஆர்த் 2020ல இன்னொரு தொகுப்பு போட்டார், நல்ல உறவு இருந்தா சுயமதிப்பு ஏறுது, சுயமதிப்பு இருந்தா உறவும் நல்லா ஆகுது, ரெண்டு பக்கமும் வேலை செய்யுதுன்னு, சின்ன வயசுன்னு மட்டும் இல்லாம பெரியவங்களுக்கும் சேத்துத்தான். பேரனை கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்த தாத்தாவுக்கு அதை ஸ்லைடு போட்டு சொல்ல வேண்டியதில்ல.

முடிக்கிறப்போ அதே பத்து கேள்வி ஃபார்மை மறுபடி குடுத்து, "பாருங்க உங்க ஸ்கோர் ஏறிடுச்சு"ன்னு கை தட்டல். டான்ஸ் ஆடி முடிச்ச கையோட கேட்டா யாருக்குத்தான் ஏறாது, மூணு மாசம் கழிச்சு கேளுங்க சார். அந்த சூட்டோடவே 18,500 ரூபா அட்வான்ஸ்டு லெவல், இன்னைக்கே கட்டுனா 2,000 தள்ளுபடின்னு ஃபார்ம் வருது, பிள்ளை பக்கத்துல நிக்கும்போதே "உங்க பிள்ளைக்காக இதுகூட செய்ய மாட்டீங்களா"ன்னு கேக்குறாங்க. இதுக்குத்தான் ஒரு ஸ்டார் முழுசா கட் பண்ணேன்.

சாப்பாடு நல்லா இருந்துச்சு, வத்தக்குழம்பு சூப்பர். ஏசி ரொம்ப குளிரு, பசங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு போங்க. கூச்சப்படுற பிள்ளையை கண்ணாடி செஷனுக்கு வெளிய உக்கார விட சொன்னா விடுறாங்க, கேக்கணும், தானா சொல்ல மாட்டாங்க. பிள்ளை கூச்ச சுபாவம்ங்குறதைத் தாண்டி, சாப்பிடாம தூங்காம யாரோடயும் பேசாம இருந்தாலோ, சாகணும்னு ஒரு வார்த்தை சொன்னாலோ, கேம்ப் எல்லாம் வேணாம், நேரா டாக்டர்கிட்ட போங்க, 14416க்கு போன் போட்டா டெலி மானஸ்ல, அது கவர்மெண்டோட மனநல உதவி லைன், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

ஒரு விஷயம், ஞாயிறு மதிய பெற்றோர் செஷனுக்கு மட்டும் தனியா டிக்கெட் உண்டான்னு ரிசப்ஷன்ல கேட்டுப் பாத்தேன், இல்லையாம். நாலு பேர் கேட்டா ஆரம்பிப்பாங்களோ என்னவோ, போன் பண்றப்போ நீங்களும் கேட்டு வைங்க.