இலக்குத் தாளுக்கு எந்த பிஸ்டல்? காற்று, .22, 9 மி.மீ. – ஓர் அலசல்

பதக்கக் கனவு இல்லை, தற்காப்பு யோசனையும் இல்லை. ஓய்வு நாளில் ரேஞ்சுக்குப் போக வேண்டும், தாளில் ஓட்டைகள் நெருக்கமாக விழ வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் தேர்வு மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: 4.5 மி.மீ. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுடும் காற்று பிஸ்டல், .22 எல்.ஆர். என்ற சிறிய தோட்டாவுக்கான டார்கெட் பிஸ்டல், 9 மி.மீ. முதலான பெரிய தோட்டாக்களின் வகை. எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் மூன்றையும் துல்லியமானது என்றுதான் சொல்வார். அதில் பொய்யும் இல்லை. மேசையில் இறுக்கிப் பூட்டிச் சுட்டால் ஓரளவு நல்ல பிஸ்டல் எதுவும், அதைக் கையில் பிடிப்பவரைவிட நன்றாகவே சுடும். ஆகவே ‘எது துல்லியம்’ என்ற கேள்வியை விட்டுவிடலாம். என் கையில் எது அந்தத் துல்லியத்தைக் கெடுக்காமல் இருக்கும் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது விளங்கும். குறிபார்க்க உதவும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே 180 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் குண்டு சுமார் 14 செ.மீ. தள்ளிப்போகும். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 5 செ.மீ. நடுவிலிருந்து அந்த வளையத்தின் விளிம்பைத் தாண்டாமல் இருக்க, சைட்டின் விலகல் 0.18 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். சைட்டுகளின் இடைவெளியை 220 மி.மீ. ஆக்கினால் அதே ஒரு மில்லிமீட்டர் தவறு பதினொன்றரை செ.மீ. ஆகக் குறையும். நீளக் குழல் தரும் லாபம் இவ்வளவுதான். டிரிகரை இழுக்கும் விரல் அந்த 0.18 மி.மீ.யை ஒரு நொடியில் விழுங்கிவிடும். ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலை இரண்டரை கிலோ இழுப்பு கேட்கும் டிரிகரால் சுட்டால், துப்பாக்கியின் எடையைவிட அதிகமான விசையை நாமே அதன்மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சர்வதேசப் போட்டி விதிகள் 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு டிரிகர் எடை குறைந்தது 1000 கிராம், 10 மீட்டர் காற்று பிஸ்டலுக்கு 500 கிராம் என்று வைத்திருக்கின்றன. அந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம்.

காற்று பிஸ்டல்தான் மூன்றிலும் நேர்மையானது. சத்தம் கொஞ்சம், உதைப்பு அனேகமாக இல்லை. விரல் செய்த தப்பு அப்படியே தாளில் தெரியும்; உதைப்பு மேல் பழி போட முடியாது. 10 மீட்டர் இலக்கின் பத்து வளையம் 11.5 மி.மீ. தான். பெல்லட்டின் முன்பக்கம் தட்டையாக இருப்பதால் தாளில் பிசிறில்லாத வட்ட ஓட்டை விழும்.

ஆனால் ‘காற்று பிஸ்டல்’ என்ற பெயரில் நான்கு வேறு வேறு கருவிகள் விற்கிறார்கள், கவனம். ஸ்பிரிங் வகையில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி முட்டி, மொத்தத் துப்பாக்கியையும் குலுக்கிவிடும்; பிடியைக் கொஞ்சம் மாற்றினாலும் குண்டு இடம் மாறும். கார்பன் டை ஆக்சைடு குப்பி வகையின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பார் இருக்கும். வேகமாகச் சுட்டால் குப்பி குளிர்ந்து அழுத்தம் இறங்கும், குண்டும் இறங்கும். தாளில் புள்ளி எடுப்பதுதான் நோக்கம் என்றால் இந்த இரண்டையும் ஒதுக்கிவிடலாம். மிச்சம் இரண்டு. ஒன்று, ஒரே இழுப்பில் நம் கையாலேயே காற்றை அடைக்கும் வகை; வைராக் எச்.டபிள்யூ. 75 இந்த ரகம். சிலிண்டர், பம்ப் என்று எதுவும் வேண்டாம், ஒவ்வொரு குண்டும் ஒரே அழுத்தத்தில் போகும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் அடைக்க வேண்டியிருப்பதால் தோள் களைக்கும். இன்னொன்று, முன்கூட்டியே 200 பார் வரை நிரப்பிய சிலிண்டரில் ஓடும் வகை. ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பார்தினி எல்லாரும் போட்டிக்குச் செய்வது இதைத்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி நின்று கலப்புப் பிரிவில் வெள்ளி வாங்கினார் அல்லவா? ‘எந்த உபகரணமும் இல்லாமல் ஜெயித்தார்’ என்று அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அவர் விட்டுவிட்டு வந்தது போட்டியாளர்கள் அணியும் தனி லென்ஸையும் கண் மறைப்பையும்தான். கையில் இருந்தது முழுமையான போட்டி பிஸ்டல். எதில் சிக்கனம் பண்ணலாம், எதில் கூடாது என்பதற்கு அந்தப் படம் நல்ல பாடம்.

காற்று பிஸ்டலின் குறை சலிப்பு. பொழுதுபோக்குக்கு வருபவர்களில் பலருக்கு ஒவ்வொரு பெல்லட்டாகப் போட்டுச் சுடும் பொறுமை நாளடைவில் போய்விடுகிறது. வெடிச் சத்தமும், உலோக இலக்கு ‘டங்’ என்று விழுவதும் வேண்டியவர்கள் .22 பக்கம் வருவார்கள். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை, மகிழ்ச்சிக்காகத்தானே சுடுகிறோம்.

.22 இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு தோதாக இருக்கிறது? 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு, உதைப்பு லேசு. தோட்டாவின் விசை குறைவு என்பதால் குழலை அசைத்துப் பூட்டும் பொறி தேவையில்லை. குழல் சட்டத்தோடு அசையாமல் நிற்க, பின்னால் இருக்கும் போல்ட் மட்டும் தன் எடையிலும் ஸ்பிரிங்கிலும் தாங்கிப் பின்னோக்கி ஓடும். குழல் நகராதபோது துல்லியத்துக்கு ஆலையில் பெரிதாக உழைக்கவே வேண்டாம்.

இதில் ஆரம்ப நிலையில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ரூகர் மார்க் IV-க்கும் பிரவுனிங் பக் மார்க்குக்கும் நடுவேதான். ரூகரின் பரம்பரை 1949-இல் தொடங்குகிறது, பக் மார்க் 1985-இல் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் டிரிகரைப் பார்த்தால் பக் மார்க்தான் மேல்: சுருக்கமாக, கண்ணாடி உடைவதுபோல் சுத்தமாக விடும். மார்க் IV-இன் டிரிகர் கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேகஸின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) இல்லாவிட்டால் சுட விடாத ஒரு பாதுகாப்புப் பொறி உள்ளே இருப்பதால் கொஞ்சம் உரசல் தெரியும். பலர் வேறு பாகங்கள் வாங்கி மாற்றிக்கொள்கிறார்கள்.

சுத்தம் செய்வதில் கதை தலைகீழ். பழைய ரூகர்களைப் பிரித்து மாட்டுவதற்குள் வெறுத்துப் போனவர்கள் ஏராளம். 2016-இல் வந்த மார்க் IV-இல் பின்புறம் ஒரு பொத்தான். அழுத்தினால் மேல் பகுதி முன்னால் சாய்ந்து கழன்றுவிடும். குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். பக் மார்க்கில் பின்சைட் உட்கார்ந்திருக்கும் மேல் பட்டையைத் திருகு கழற்றி எடுத்தால்தான் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னோக்கி ஓடும் பகுதி, வெளியே வரும். மீண்டும் மாட்டும்போது திருகை ஒரே இறுக்கத்தில் இறுக்காவிட்டால் குறி மாறலாம்; சுடச் சுட அந்தத் திருகுகள் தளரவும் செய்யும். ‘நேற்றுவரை நன்றாகச் சுட்டது, இன்று சிதறுகிறது’ என்று புலம்பும் பக் மார்க்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தத் திருகைப் பற்றித்தான். ரூகரில் சைட்டுகள் இரண்டும் குழலோடு சேர்ந்த உருளை உடலில் நிற்கின்றன. உள்ளே போல்ட் மட்டும் ஓடும். அதனால் குறி கலைய வாய்ப்பு குறைவு.

இன்னொரு விஷயம், வெற்றுப் பயிற்சி. தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவதைப்போலக் கையைத் திருத்துவது வேறில்லை. பல .22-களில் அப்படிச் செய்தால் சுத்தி முள் குழலில் தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் விழும். மார்க் IV-இல் அதைத் தடுக்கும் குறுக்கு ஊசி உண்டு. டிரிகருக்காக பக் மார்க், மற்ற எல்லாவற்றுக்கும் மார்க் IV என்பது என் கணக்கு. ஒன்றைச் சொல் என்றால் மார்க் IV. பழையதாக வாங்குபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2017 ஜூன் 1-க்கு முன் செய்த மார்க் IV-களைப் பாதுகாப்பு நெம்புகோலில் இருந்த கோளாறுக்காக நிறுவனமே திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. வரிசை எண்ணை வைத்து அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்த படி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41. 1957-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை (டிரிகர் கார்டை) கீழே இழுத்தால் குழல் கையோடு வந்துவிடும். பின்சைட் அந்தக் குழலின் நீட்சியிலேயே அமர்ந்திருப்பதால் குழலை மாற்றினால்கூடக் குறி அதோடு போய் அதோடு வரும். டிரிகர் அருமை. ஆனால் தோட்டா விஷயத்தில் செல்லப் பிள்ளை. அதிவேகத் தோட்டா அதற்கு ஆகாது, எண்ணெய் குறைந்தாலும் முரண்டு பிடிக்கும்.

அதற்கும் மேலே பார்தினி எஸ்.பி., வால்தர் ஜி.எஸ்.பி. மாதிரி முழுப் போட்டி பிஸ்டல்கள். மேகஸின் கைப்பிடிக்குள் இல்லாமல் டிரிகருக்கு முன்னால் இருக்கும். அதனால் கைப்பிடியை உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கலாம், சாய்வை மாற்றலாம், கைக்குக் கீழே தாங்கு பலகை வைக்கலாம். டிரிகரின் முதல் இழுப்பு எவ்வளவு, நிற்கும் இடம் எது, விடும் எடை என்ன எல்லாம் திருகில் இருக்கிறது. படிக்கும்போதே ஆசை வரும். ஆனால் இந்தக் கைப்பிடிகள் ஒற்றைக் கையால் நின்று சுடுவதற்காகச் செய்தவை. பொழுதுபோக்குக்குச் சுடும் பெரும்பாலானோர் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள்; அந்தத் தாங்கு பலகையும் கட்டைவிரல் மேடும் அடுத்த கைக்கு இடம் தராது. வலக்கைப் பிடியை இடக்கைக்காரர் பயன்படுத்தவே முடியாது. அளவு தப்பினாலும் அடுத்தவர் செருப்பைப் போட்டு நடக்கிற கதைதான். ஒற்றைக் கையில் சுடப் பழகத் தயார் என்றால் வாங்குங்கள்; இல்லையென்றால் வேண்டாம்.

9 மி.மீ. பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இங்கே குண்டு ஏழரை எட்டு கிராம், உதைப்பு பல மடங்கு. பெரும்பாலான பிஸ்டல்களில் ஒவ்வொரு சுடுதலுக்கும் குழல் ஸ்லைடோடு பின்னால் நகர்ந்து, சாய்ந்து, பிறகு பழைய இடத்துக்கே வந்து பூட்ட வேண்டும். அந்தப் ‘பழைய இடம்’ ஒவ்வொரு முறையும் எவ்வளவு துல்லியமாக ஒன்றாகிறதோ, அவ்வளவுதான் துல்லியம். அதற்காகவே சி.இசட். ஷேடோ 2-வும், 1949-இல் சுவிஸ் ராணுவம் ஏற்ற எஸ்.ஐ.ஜி. பி210-உம் ஸ்லைடைச் சட்டத்துக்குள்ளே ஓடவிடுகின்றன, ஆட்டம் குறைவு. ஷேடோ 2-இன் எடை சுமார் 1.3 கிலோ, உதைப்பை அதுவே விழுங்கிக்கொள்ளும். காவல் பணிக்கான பிளாஸ்டிக் சட்ட பிஸ்டல்களின் குழல் மோசமில்லை, டிரிகர்தான் தாளில் புள்ளி எடுக்க விடாது. முதல் பிஸ்டலாக 9 மி.மீ. எடுப்பவர்களுக்கு வருகிற வியாதி ஒன்று உண்டு: வெடிக்கும் முன்பே கை பயந்து கீழே அமுக்கும். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. பெரிய தோட்டாதான் வேண்டும், அவசரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு பழைய .38 ரிவால்வரைச் சொல்வேன். சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுட்டால் அதன் டிரிகர் பல பிஸ்டல்களை வெட்கப்படுத்தும்.

சைட்டுகளுக்குப் பதிலாகக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் போடலாமா? கண் நாற்பதைத் தாண்டி முன்சைட் மங்கலாகத் தெரிந்தால் தாராளமாகப் போடலாம். இரண்டு சைட்டை ஒன்றாக்கும் வேலை போய்விடுகிறது. ஒரு தொந்தரவு: கையின் நடுக்கம் பளிச்சென்று ஆடிக் காட்டும், புள்ளி நடுவுக்கு வரும் கணத்தில் டிரிகரை வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். சர்வதேச பிஸ்டல் போட்டிகளில் இதற்கு இடமில்லை.

பிஸ்டலை முடிவு செய்த பிறகும் தோட்டாவில் பாதி வேலை பாக்கி. .22-இல் ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ என்று எழுதியதை எடுங்கள். அதன் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே, நொடிக்குச் சுமார் 325 மீட்டர். அதிவேகத் தோட்டா ஒலித்தடையைக் கடந்து இறங்கும்போது தடுமாறும். அப்புறம் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பிடித்தமான தோட்டா உண்டு. நான்கைந்து ரகத்தில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மணல் மூட்டையில் கையை ஊன்றி, ரகத்துக்கு ஒரு தாள் என்று சுட்டுப் பாருங்கள். ஒரே பிஸ்டலில் ஒரு தாளில் ஓட்டைகள் ஒட்டி நிற்கும், அடுத்ததில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். காற்று பிஸ்டலின் பெல்லட்டுக்கும் இதே சோதனைதான். சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம், ஈயம்.

உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, காற்று பிஸ்டலுக்குக்கூட. முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது, தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்தபின், கண்ணை மூடிக்கொண்டு சுவரை நோக்கி நீட்டுங்கள். கண்ணைத் திறந்ததும் முன்சைட் பின்சைட்டின் பள்ளத்தில் தானாகவே உட்கார்ந்திருந்தால் அந்தக் கைப்பிடி உங்களுடையது. மேலேயோ பக்கத்திலோ நின்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேறு பிடியைக் கேளுங்கள். பழைய காற்று பிஸ்டல் என்றால் கூடுதலாக ஒன்று: சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. பல சிலிண்டர்களுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். தேதி கடந்திருந்தால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.