பச்சை முக்கோணமா, சிவப்பு முக்கோணமா?

நாஜி முகாமில் கைதியாக இருந்திருந்தால், எந்தக் கைதிகள் கையில் அதிகாரம் இருக்க வேண்டும் என்பாய்? இதுதான் கேள்வி. 1937இல் ஜெர்மனியில் தொடங்கிய புகன்வால்ட் வதைமுகாமில் கைதிகளை அடக்கக் கைதிகளையே வைத்தது நாஜி எஸ்.எஸ். படை. உடையில் அடையாளமாகப் பச்சை முக்கோணம் அணிந்த குற்றவாளிகள் கையில் அதிகாரம் இருந்தவரை அடி, திருட்டு, லஞ்சம்தான். சூப் அண்டாவின் அடியில் கிடக்கும் உருளைக்கிழங்கு வேண்டியவனுக்கு, மேலே மிதக்கும் வெறும் தண்ணீர் மற்றவனுக்கு. அப்புறம் சிவப்பு முக்கோண அரசியல் கைதிகள், பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள், அந்த இடங்களைப் பிடித்தார்கள். அடி குறைந்தது. 1945 ஏப்ரலில் சுமார் 900 சிறுவர்கள் உயிரோடு மீண்டதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கைதிகள் ராக்கெட் செய்யும் வேலையில் கொத்துக் கொத்தாகச் செத்த டோரா சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் பட்டியலும் இவர்கள் கையில்தான்: தோழர் ஒருவர் பெயரை அடித்தால், எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் இன்னொருவன் பெயரை எழுதியாக வேண்டும். அந்த இன்னொருவன் யார் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது. இருந்தாலும் சிவப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன், கட்சிக்காரனாக இல்லாவிட்டாலும்.