மிதிவண்டியிலும் நடந்தும் பிரென் குளங்கள்: ஒரு மதிப்புரை

பிரான்சின் நடுப்பகுதியில், ஆந்த்ர் மாவட்டத்தின் மேற்கே பரந்து கிடக்கும் பிரென் வட்டாரத்துக்கு ‘ஆயிரம் குளங்களின் நாடு’ என்ற பெயர் நெடுங்காலமாக வழங்குகிறது. இன்று அங்கே 3,000-க்கும் மேற்பட்ட குளங்கள் உள்ளன. 1989-இல் வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த நிலப்பரப்பை மிதிவண்டியிலும் நடந்தும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என்ன ஏற்பாடுகள் இருக்கின்றன, அவை எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்பதையே இங்கு எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, இக்குளங்களில் மிகப் பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தமானவை என்பதுதான். வரைபடத்தில் எங்கு விரலை வைத்தாலும் நீலம் தெரியும். ஆனால் அந்த நீலத்தின் கரைக்குப் போக வழி இருக்காது. வேலி இருக்கும், அல்லது வேட்டைக்கான எச்சரிக்கைப் பலகை இருக்கும். வட்டாரத்திலேயே மிகப் பெரியதும், 150 ஹெக்டேருக்கு மேல் பரந்ததுமான ‘செங்கடல்’ குளமும் தனியார் உடைமையே. சிலுவைப் போருக்குச் சென்று செங்கடல் அருகே சிறைப்பட்டு மீண்ட லெ பூஷே கோட்டைத் தலைவர் ஒருவர் அக்குளத்துக்கு அப்பெயரைச் சூட்டினார் என்று அங்கே ஒரு மரபுக்கதை வழங்குகிறது. ஆகவே, விரும்பிய குளக்கரையில் எல்லாம் உலவலாம் என்ற எண்ணத்துடன் போகிறவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றத்தையே தரும். பொதுமக்களுக்கெனத் திறந்துவிடப்பட்ட சில குளங்களைச் சுற்றிச் செய்திருக்கும் ஏற்பாடுகளோ, நான் பிரான்சில் பார்த்தவற்றிலேயே மிகவும் அக்கறையோடு செய்யப்பட்டவை.

ரோனே ஊரைச் சேர்ந்த லெ பூஷே சிற்றூரில் உள்ள பூங்கா இல்லத்திலிருந்து தொடங்குவது நல்லது. நடைபாதைகளுக்கும் மிதிவண்டிச் சுற்றுகளுக்குமான வரைபடங்கள் அங்கே கிடைக்கின்றன. எந்தக் குளத்தில் இப்போது நீர் இருக்கிறது, எங்கே பறவைகள் கூடியிருக்கின்றன என்று கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கிளம்பிவிடக் கூடாது. ஏனெனில் பிரென் குளங்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல. இடைக்காலத்தில் மெயோபெக் போன்ற மடங்களின் துறவிகள், நீர் வடியாத களிமண் நிலத்தில் கரை எழுப்பி உருவாக்கத் தொடங்கியவை அவை. நம் ஏரிகளைப் போல ஒன்றின் நீர் மதகு வழியாக அடுத்ததற்கு இறங்கும் வகையில் தொடராக அமைந்திருக்கின்றன. ஆனால் நோக்கம் பாசனம் அல்ல, மீன் வளர்ப்பு. இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் முடியும் வரை, ஒவ்வொரு குளமாக மதகைத் திறந்து நீரை வடித்து, கெண்டை இனத்தைச் சேர்ந்த கார்ப் முதலிய மீன்களை அள்ளுகிறார்கள். பிறகு மழைநீரால் குளம் மீண்டும் நிறைய வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்தை வறளவிட்டு ஓய்வு கொடுப்பதும் உண்டு. வறண்ட ஆண்டு என்று அறியாமல் பத்து கிலோமீட்டர் மிதித்துப் போனால் காண்பதற்கு வெடித்த சேறு மட்டுமே இருக்கும்.

மிதிவண்டிக்கு இந்த நிலம் மிகவும் ஏற்றது. பெரும்பாலும் சமதளம், சிவந்த மணற்கல்லால் ஆன சிறு மேடுகள் மட்டுமே ஆங்காங்கே எழுகின்றன, பழைய வீடுகளின் சுவர்களும் அதே கல்தான். கிராமச் சாலைகளில் வண்டிகள் அரிதாகவே வருகின்றன. லாஞ்சே அருகே உள்ள கப்ரியேர் குளத்தின் ஓரமாகவே சாலை போவதால், வண்டியை நிறுத்தியபடியே நீர்ப்பரப்பைப் பார்க்கலாம். ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போக மிதிவண்டி, குளத்தை நெருங்கியதும் நடை என்ற முறையே இங்கே சிறந்தது. காரில் வருகிறவர்கள் இடைப்பட்ட புதர்க்காடுகளையும் புல்வெளிகளையும் முற்றிலும் தவறவிடுகிறார்கள். நான் வாடகைக்கு எடுத்த மிதிவண்டியுடன் பஞ்சர் ஒட்டும் பொருளோ காற்றடிக்கும் பம்போ தரப்படவில்லை. ஊர்களுக்கு இடையே உதவி கிடைப்பது கடினமான இப்பகுதியில் அது சிறு குறையன்று. எந்தக் கடையில் எடுத்தாலும் இவ்விரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நடந்து பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் ஷெரீன் தேசிய இயற்கைக் காப்பகத்துக்கே. 1985-இல் அமைக்கப்பட்ட இக்காப்பகத்தின் ரிகோ குளத்தில் மரத்தால் கட்டிய பறவை நோக்கு மறைவிடம் ஒன்று கட்டணமின்றித் திறந்திருக்கிறது. உள்ளே நுழையும் வழி இருபுறமும் மறைக்கப்பட்டிருப்பதால், நாம் வருவது பறவைகளுக்குத் தெரிவதில்லை. நீள்சதுரத் திறப்புகள் பல உயரங்களில் அமைந்திருப்பதால் குழந்தைகளும் வசதியாகப் பார்க்கலாம். நாணல் ஓரத்தில் அசையாமல் நிற்கும் செந்நாரையை அவ்வளவு அருகில் நான் வேறெங்கும் கண்டதில்லை. வசந்த காலத்தின் பிற்பகுதியில் வந்து சேரும் மீசை ஆலாக்கள், அல்லி இலைகளின்மேல் மிதக்கும் கூடுகளைக் கட்டுகின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக நீரைத் தொட்டு எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. ரோனே பக்கத்திலுள்ள ஃபூகோ, மாசே ஆகிய குளங்களிலும் இத்தகைய மறைவிடங்களும் குறுகிய நடைபாதைகளும் உண்டு. சில இடங்களில் நாணல் உயர்ந்து வளர்ந்து பார்வையை மறைக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தொலைநோக்கியைக் கையோடு கொண்டுபோகாதவர்கள் பாதி இன்பத்தை இழப்பார்கள்.

பிரென் வட்டாரத்தின் பெருமைக்குரிய உயிரினம் ஐரோப்பியக் குளத்து ஆமை. பிரான்சில் பல இடங்களில் அருகிவிட்ட இந்த மஞ்சள் புள்ளி ஆமை இங்கே இன்றும் பெருமளவில் வாழ்கிறது. வசந்த காலத்து வெயிலில் விழுந்த மரக்கட்டைகளின்மீது வரிசையாக ஏறிக் காய்வதை மறைவிடங்களிலிருந்தே காணலாம். ஜூனை ஒட்டி முட்டையிடுவதற்காகப் பெண் ஆமைகள் குளத்தை விட்டு வெளியேறி மணற்பாங்கான மேட்டு நிலத்தைத் தேடிச் செல்லும்போது சாலையையும் கடக்கின்றன. அந்நாட்களில் மிதிவண்டியை விரைவாக ஓட்டுவது அவற்றுக்கு ஆபத்து. மிகவும் கவனமாக இருக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீரில் இறங்க விரும்புகிறவர்களுக்கு மெசியேர் அருகே ஏறத்தாழ 100 ஹெக்டேர் பரப்புள்ள பெல்பூஷ் குளம் இருக்கிறது. கோடையில் நீந்த மணற்கரையும், மற்ற நாட்களில் நடக்கக் கரையோரப் பாதையும் உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நல்ல இடம். அமைதியைத் தேடி வருகிறவர்கள் கோடை விடுமுறையில் அதைத் தவிர்க்கலாம்.

உணவைப் பொறுத்தவரை, இவ்வட்டாரத்துக்கு வந்து பொரித்த கார்ப் மீனைச் சுவைக்காமல் திரும்பக் கூடாது. முள் மிகுந்த மீன் இது; சதையை நெருக்கமாகக் கீறிப் பொரிப்பதால் நுண்முட்கள் மொறுமொறுப்பாகி உறுத்துவதில்லை. நன்றாகப் பராமரித்த குளத்து மீனில் சேற்று வாடையும் இராது. புகையூட்டிய கார்ப் எனக்கு அதைவிடவும் பிடித்தது. 1972 முதல் புவிசார் பெயர்க்காப்பு பெற்றுள்ள, பிரமிடு வடிவப் பூலீஞி சேன் பியேர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் மதிய உணவுக் கவலை தீர்ந்துவிடும். அது வெறும் சுவைக்காகச் சொல்வதன்று: சிற்றூர்க் கடைகள் மதியத்தில் நெடுநேரம் மூடியிருக்கின்றன, ஞாயிறு பிற்பகலிலும் பல இடங்களில் திங்களன்றும் திறப்பதே இல்லை. குடிநீரையும் காலையிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய குறை போக்குவரத்து. பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து, இவ்வட்டாரத்துக்கு அருகிலுள்ள ஷதோரூ நகருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். அதன் பிறகு குளங்கள் தொடங்கும் இடம் வரை செல்வதற்குப் பொதுப் பேருந்து மிகவும் குறைவு. 1991 முதல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்று உலக அளவில் மதிக்கப்படும் ஓர் இடத்துக்குக் காரில்லாமல் வருவது இவ்வளவு கடினமாக இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. சொந்த மிதிவண்டியை ரயிலில் கொண்டுவர எண்ணுகிறவர்கள் அதற்கான இடத்தையும் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரையிலான காலத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆகஸ்டில் நீர் குறைந்து கொசு பெருகுகிறது. நவம்பருக்குப் பிறகு வருகிறவர்கள் மீன் அள்ளும் காட்சியையும், ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகளையும் பார்க்கலாம். அது வேட்டைக் காலமும் ஆகையால், பளிச்சென்ற நிறத்தில் உடை அணிந்து, அடையாளமிட்ட பாதைகளை விட்டு விலகாமல் நடக்க வேண்டும்.